டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஹெபடைடிஸ் தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ டயாலிசிஸில் இருந்தால், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஃபைலை எடுத்து, அதில் ஆன்டி-ஹெச்பிஎஸ் என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறதா, இருந்தால் என்ன எண், எந்தத் தேதி என்று பாருங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிரான பாதுகாப்பு உடம்பில் இருக்கிறதா என்று காட்டுவது அது. நான் சொல்வது ஹெச்பிஎஸ்ஏஜி இல்லை, அது வைரஸே உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கிற வேறு பரிசோதனை. இரண்டு பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். என் அப்பா விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது அப்படித்தான். ஹெபடைடிஸ் பி ஊசி நான்கும் போட்டாயிற்று, தேதியெல்லாம் ஃபைலில் இருக்கிறது, ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், அப்புறம் என்ன கவலை என்று இருந்தோம். பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் எடுக்கிறவருக்கு, சேர்ந்தபோது நெகட்டிவாக இருந்தவருக்கு, ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்த பிறகுதான் பயந்துபோய் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். போட்ட ஊசி பலித்ததா என்று யாரும் ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் 4. குறைந்தது 10 இருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக, பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாரம் மூன்று நாள் அந்த நாற்காலியில் படுத்திருந்திருக்கிறார் மனிதர்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தும், டாக்டரிடமும் சிஸ்டர்களிடமும் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். மருந்து, மாத்திரை, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

எந்த வழியாக வருகிறது

ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. டயாலிசிஸில் இருப்பவர்கள் குறிப்பாகப் பயப்பட வேண்டியது ரத்தம் வழியாகப் பரவும் பி, சி இரண்டுக்கும்தான். இதில் பி வைரஸ் பொல்லாதது. காய்ந்துபோன ரத்தத்தில், சாதாரண அறை வெப்பநிலையில், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கு ரத்தக் கறையே தெரியாத இடத்திலும் தொற்றும் அளவுக்கு வைரஸ் இருக்கலாம். நாற்காலியின் கைப்பிடி, மெஷினின் பட்டன், பிபி பார்க்கும் பட்டை, கிளாம்ப், கத்தரிக்கோல், பிளாஸ்டர் சுருள் என்று சிஸ்டரின் கை படுகிற எந்த இடமும் இதில் அடக்கம்.

பலரும் மெஷினுக்குள்தான் கிருமி இருக்கும் என்று நினைத்து, "அவருக்குப் போட்ட மெஷினை எனக்குப் போடாதீங்க" என்று சண்டை போடுவார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலைசரின் சவ்வு கிழியாமல் இருக்கும்வரை வைரஸ் அதைத் தாண்டிப் போகாது, அதன் துளைகள் அவ்வளவு சிறியவை. இதுவரை பல இடங்களில் தொற்று பரவியபோது காரணத்தைத் தேடிப் போனவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது மெஷினின் உள்பக்கத்தை அல்ல. மாற்றாத கையுறை, பலருக்கும் ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஹெபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து), நோயாளி நோயாளியாகத் தள்ளிக்கொண்டு போன மருந்து டிராலி, சரியாகத் துடைக்காத நாற்காலி, இவைதான்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1969-70இல் எடின்பரோவில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் பி பரவி நோயாளிகள் மட்டுமல்ல, அங்கே வேலை பார்த்தவர்களும் இறந்தார்கள். பிறகு 1972இல் ரோசன்ஹைம் குழு பிரிட்டனுக்கான விதிமுறைகளை வகுத்தது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுக் கணக்குப்படி டயாலிசிஸ் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு அந்த ஒரே வருடத்தில் புதிதாக ஹெபடைடிஸ் பி வந்திருந்தது. 1977இல் தொற்றுள்ளவர்களைத் தனியாகப் பிரிப்பது, மாதாமாதம் ரத்தம் பார்ப்பது என்ற வழிமுறைகள் வந்தன, 1980க்குள் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. தடுப்பூசி அங்கே நடைமுறைக்கு வந்தது 1982இல்தான் என்பதைக் கவனியுங்கள். ஊசி வருவதற்கு முன்பே, கையைக் கழுவியும் ஆளைப் பிரித்தும் மட்டுமே இவ்வளவு குறைத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது வந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை.

தடுப்பூசி: போட்டால் மட்டும் போதாது

ஹெபடைடிஸ் பிக்குத்தான் ஊசி இருக்கிறது, சிக்கு இன்னும் இல்லை. ஆரோக்கியமாக இருக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த ஊசி பலித்துவிடும். சிறுநீரகம் கெட்டவர்களின் உடம்பு அவ்வளவு வேகமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்காது, உண்டானதும் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் அவர்களுக்கு அளவு இரட்டிப்பு. ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராம். சில கம்பெனி ஊசிகள் 0, 1, 2, 6 என்று நான்கு தடவை, சில 0, 1, 6 மாதம் என்று மூன்று தடவை. மற்றவர்களுக்குப் போடுகிற 20 மைக்ரோகிராம் ஊசியை ஒன்று மட்டும் போட்டு அனுப்பினால், "டயாலிசிஸ் பேஷன்ட், டபுள் டோஸ் இல்லையா?" என்று அங்கேயே கேளுங்கள். ஊசி மேல்கைத் தசையில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாகப் பலிக்காது. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக் குழாய், இருக்கிற கையை விட்டுவிட்டு மற்ற கையை நீட்டுங்கள்.

இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை, கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது, டாக்டர் ஃபிஸ்டுலா போடச் சொல்லிவிட்டார் என்ற நிலையில் இருப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் இப்போதே ஊசியை ஆரம்பித்துவிடுங்கள். டயாலிசிஸுக்கு முன்னால் போட்டால் பலிக்கிற வாய்ப்பு அதிகம்.

கடைசி ஊசி போட்ட ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் அந்த ஆன்டி-ஹெச்பிஎஸ் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் இன்னொரு சுற்று முழுவதும் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு சுற்றும் பலிக்காதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் எளிதில் தொற்றக்கூடியவர்கள் என்று வைத்துக்கொண்டு, மாதாமாதம் ஹெச்பிஎஸ்ஏஜி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 10க்கு மேல் வந்தவர்களும் நிம்மதியாக மறந்துவிட முடியாது. வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், 10க்குக் கீழே இறங்கியிருந்தால் ஒரு பூஸ்டர்.

இதில் ஒரு சின்ன விஷயம் தெரியாமல் ஒரு குடும்பமே அழுததைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட கையோடு ஹெச்பிஎஸ்ஏஜி எடுத்தால், ஊசியில் இருக்கிற அதே பொருள் ரத்தத்தில் தெரிந்து பாசிட்டிவ் என்று காட்டிவிடும். டயாலிசிஸ் எடுப்பவர்களில் ஊசி போட்டு 18 நாள் வரைக்கும்கூட இப்படி வந்ததுண்டு. அதனால் மாதாந்திர ரத்தத்தை ஊசி போடுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை: எதை, எத்தனை நாளைக்கு ஒருமுறை

முதல் டயாலிசிஸுக்கு முன்பாகவோ, வேறு சென்டருக்கு மாறும்போதோ ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிசி, ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்சிவி (சி வைரஸுக்கானது), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டுவது) ஐந்தும் எடுக்க வேண்டும். இதில் இரண்டாவதாக இருக்கிற ஆன்டி-ஹெச்பிசியைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். முன்பு எப்போதோ பி வைரஸ் உடம்புக்குள் வந்து போனதா என்று அதுதான் சொல்லும். ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆனால் ஆன்டி-ஹெச்பிசி பாசிட்டிவ் என்று வந்தால் வைரஸின் டிஎன்ஏ பரிசோதனையும் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னாளில் சிறுநீரக மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கும்போது பதுங்கியிருந்த வைரஸ் மறுபடி தலைதூக்கலாம்.

அப்புறம், பி பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு மாதம் ஒருமுறை ஹெச்பிஎஸ்ஏஜி. சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எஸ்ஜிபிடி மாதாமாதம். இந்த எஸ்ஜிபிடி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு இது பொதுவாகவே மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எப்போதும் 12, 14 என்று வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று 35 வந்தால், ரிப்போர்ட்டில் அது நார்மல் என்றுதான் அச்சாகியிருக்கும், ஆனால் அவருக்கு அது நார்மல் இல்லை. எண்ணை எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்தில் போட்டிருக்கிற நார்மல் வரம்பை மட்டும் பார்க்காதீர்கள்.

உடம்பில் அறிகுறி தெரியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். மஞ்சள் காமாலை பெரும்பாலும் வராது. அசதி, பசியின்மை, குமட்டல் வரும், அதெல்லாம் டயாலிசிஸிலேயே இருக்கிறதுதானே என்று நாமும் விட்டுவிடுவோம்.

சி வைரஸுக்கு இன்னொரு சிக்கல். ஆன்டி-ஹெச்சிவி என்பது வைரஸைப் பார்ப்பதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிறதைப் பார்க்கிறது. அது ரத்தத்தில் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனையோ தொற்றிய ஒன்று, இரண்டு வாரத்திலேயே காட்டிவிடும். உங்கள் பிரிவில் யாருக்காவது புதிதாக சி வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால், "எங்களுக்கும் ஆர்என்ஏ பாருங்க" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த நபர் யார் என்று தேடிப் போக வேண்டாம், அவரும் அதைக் கேட்டு வாங்கி வரவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும்

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஊசி குத்தப் போகிற நேரம். சிஸ்டர் கையைத் துடைத்து, கையுறை போட்டு, ஃபிஸ்டுலா மேல் மருந்து தடவிவிட்டார். அந்த நேரம் பக்கத்து மெஷின் கத்த ஆரம்பித்தது. இரண்டு எட்டு வைத்துப் போய் ஆள்காட்டி விரலால் அதன் அலாரத்தை அமுக்கி நிறுத்திவிட்டு, அதே விரலால் அப்பாவின் கையில் நரம்பைத் தொட்டுப் பார்க்க வந்தார். மொத்தம் நான்கு விநாடி இருக்கும். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், ஐந்து பேரை ஒரே ஆளாகப் பார்க்கிறார், அலாரம் அடித்தால் யாருக்கும் கை தானாகப் போகும். ஆனால் வைரஸ் போகிற பாதை அதுதான். நான் எழுந்து, "சிஸ்டர், அந்த மெஷினைத் தொட்டீங்க, புது கிளவுஸ் போட்டுக்கிறீங்களா?" என்றேன். ஒன்றும் சொல்லாமல் கழற்றிவிட்டு, கையில் ஸ்பிரிட் திரவம் தேய்த்து, புதிது போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த முறை நான் கேட்காமலேயே மாற்றினார்.

சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கும். நம் உயிர் அவர்கள் கையில் இருக்கிறதே, கோபித்துக்கொள்வார்களோ என்று தோன்றும். ஆனால் ஊசி குத்தியபின் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, குத்துவதற்கு முன்னால், சத்தம் போடாமல், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

கையுறைக்கு அடுத்து ஹெபாரினைப் பாருங்கள். மருந்தைத் தனியாக ஒரு சுத்தமான இடத்தில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி சிரிஞ்சில் கொண்டுவர வேண்டும். குப்பியையே நாற்காலிப் பக்கம் கொண்டுவந்து, எடுத்துவிட்டு, மிச்சத்தோடு அடுத்தவரிடம் போவது கூடாது. உங்கள் நாற்காலிக்கு வந்த பஞ்சு, பிளாஸ்டர், சலைன், ஊசி எதுவாக இருந்தாலும், பிரிக்காமலே இருந்தாலும்கூட, திரும்பப் பொது இடத்துக்குப் போகக் கூடாது. உங்களுக்கே பயன்பட வேண்டும், இல்லையென்றால் குப்பைக்குப் போக வேண்டும்.

ரத்தம் ஓடுகிற பிளாஸ்டிக் டியூபிலிருந்து மெஷினுக்குப் போகிற மெல்லிய குழாயின் முனையில் சிறிய வட்டமான வெள்ளை ஃபில்டர் ஒன்று இருக்கும், டிரான்ஸ்டியூசர் புரொடெக்டர் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிது. அது சிவப்பாக மாறினால், அதாவது ரத்தம் ஏறி நனைந்தால், உடனே கூப்பிடுங்கள். மாற்ற வேண்டும், அதைத் தாண்டி மெஷினுக்குள் ரத்தம் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மெஷினால் தொற்று வருவது அபூர்வம் என்றேனே, வருமானால் இந்த வழியாகத்தான் வரும்.

டயாலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிற இடமாக இருந்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரை ஒவ்வொரு முறையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிற இடத்தில் அடையாள எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி இருப்பவரின் டயாலைசரை எந்தக் காரணத்துக்காகவும் மறுபயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஏறுகிற அந்த அரை மணி நேரம்தான் எனக்கு இன்றைக்கும் பயம். வெளியே காத்திருக்கிறவர்கள் அவசரப்படுவார்கள், உள்ளே இருக்கிறவர்கள் ஓடுவார்கள். முன்னால் இருந்தவர் எழுந்து போன பிறகுதான் துடைக்க ஆரம்பிக்க வேண்டும், அவர் உட்கார்ந்திருக்கும்போதே மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பது போதாது. நாற்காலி, மெஷினின் முன்பக்கம், கிளாம்ப், மேஜை எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நன்றாக நனைந்த துணியால் துடைத்து, தானாகக் காயவிட வேண்டும். நாமும் முண்டியடித்துக்கொண்டு போய் ஈர நாற்காலியில் துண்டை விரித்து இடம் பிடிக்க வேண்டாமே. அந்த ஐந்து நிமிடம் நமக்காகத்தான்.

டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்தபின் ஃபிஸ்டுலாவை அமுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் நாம்தான். வெறும் விரலால் பிடிக்காதீர்கள். ஒரு கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பிடியுங்கள், முடிந்ததும் கழற்றிப் போட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் போனைத் தொடுங்கள்.

பி இருப்பவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின், தனிச் சாமான்கள், அவர்களைப் பார்க்கிற சிஸ்டர் அதே ஷிஃப்டில் பாதுகாப்பு இல்லாத இன்னொருவரைப் பார்க்கக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. சி விஷயத்தில் அப்படி இல்லை. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பான கேடிகோ, சி இருக்கிறது என்பதற்காக மெஷினைத் தனியாகப் பிரிக்கச் சொல்வதில்லை, கை சுத்தமும் ஊசி மருந்துச் சுத்தமும் கறாராக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தனி மெஷின் இருக்கிறது என்ற தைரியத்தில் கையுறை மாற்றாமல் விடுகிற இடத்தைவிட, பொது மெஷினில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற இடம் மேல் என்பது என் எண்ணம்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்

முதலில், மறைக்காதீர்கள். வேறு சென்டரில் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து பழைய ரிப்போர்ட்டைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் புரிகிறது, ஆனால் உங்கள் பக்கத்தில் படுக்கிறவர் பாவம், உங்கள் வைத்தியமும் தள்ளிப்போகும்.

பி என்றால் சமீபத்தில் ஊசி போட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுத்து உறுதி செய்யுங்கள். உறுதியானால் கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும், டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு அளவு வேறு என்பதால் மற்றவருடைய சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

சி என்றால் மனசு உடைய வேண்டாம். ஆன்டி-ஹெச்சிவி பாசிட்டிவ் வந்தால் ஆர்என்ஏ பாருங்கள், சிலருக்கு வைரஸ் தானாகவே போயிருக்கும். ஆர்என்ஏவும் பாசிட்டிவ் என்றால், 8 முதல் 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. 1989இல் கண்டுபிடித்த வைரஸ் இது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டு மாதக்கணக்கில் படாதபாடு பட்டார்கள், டயாலிசிஸ் எடுப்பவர்களில் பலரால் அதைத் தாங்கவே முடியவில்லை. சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரையை டயாலிசிஸில் இருப்பவர்களும் சாப்பிடலாம் என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது, கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் சேர்ந்த மாத்திரையும் இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்னால் பி பரிசோதனைகளைப் பார்த்தே ஆக வேண்டும், சியை விரட்டும்போது அடங்கியிருந்த பி கிளம்பிவிடலாம். சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்கள், மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடுவதா பின்னால் சாப்பிடுவதா என்று இரண்டு டாக்டர்களையும் பேச வைத்து முடிவு செய்யுங்கள். மாத்திரை முடித்து 12 வாரம் கழித்து எடுக்கிற ஆர்என்ஏ நெகட்டிவாக இருந்தால் குணமாயிற்று. அதற்குப் பிறகும் ஆன்டி-ஹெச்சிவி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் மறுபடி தொற்றலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்என்ஏ.

வீட்டில் சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தலாம். ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கிற ஊசி, மெஷின் இவை மட்டும் தனித்தனி. பி என்றால் வீட்டில் எல்லாரும், முக்கியமாகக் கணவனோ மனைவியோ, பரிசோதித்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நோட்டு

ரிப்போர்ட்டுகள் தொலையும், ஃபைல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும், வெளியூர் போனால் அங்கே டயாலிசிஸ் எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கேட்பார்கள். அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தேதி, என்ன பரிசோதனை, என்ன எண். ஊசியா, எந்தக் கம்பெனி, எத்தனை மைக்ரோகிராம், எந்தக் கை. ரத்தம் ஏற்றினால் அதையும் எழுதுங்கள். வேறு இடத்தில் டயாலிசிஸ் எடுத்துவிட்டுத் திரும்பினால் அந்தத் தேதியையும் எழுதி, திரும்பி வந்தபின் எடுக்கிற பரிசோதனையையும் எழுதுங்கள். கடைசி ஊசி போட்ட அன்றே ஆறு வாரம் கழித்து வரும் தேதியைக் குறித்து, எதிரே ஆன்டி-ஹெச்பிஎஸ் என்று எழுதிவிடுங்கள், யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்று விடாதீர்கள். அப்பாவின் நோட்டில் இரண்டாம் சுற்று முடிந்தபின் எழுதியது 62. அடுத்த வருடம் 8. அதற்கு எதிரே "பூஸ்டர், இடது கை" என்று அவரே தன் கையால் எழுதியிருக்கிறார்.